திறந்து பார்க்காமல் அழித்த பட்டியல்

ஏலே பால்துரை, என் கூடப் பிறந்தவனே,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலரில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். படமும் நாலு வரிக் கவிதையும் கொடுத்தால் போதும் என்றார்கள். கவிதை வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். விளக்கு அணைந்தது, பறவை பறந்தது என்றெல்லாம் போட எனக்கு மனசு இல்லை. எனக்கு உன்மேல் கோபம். என்மேல் அதைவிடக் கோபம். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் கடை திறந்து மூடியாயிற்று.

கடை நடக்கிறது. மழைக்கு முன்னால் உப்பளத்துக்காரர்கள் உப்பு அம்பாரத்தை மூடத் தார்ப்பாய் கேட்டு வந்து நின்றார்கள். விசைப்படகுக்காரர்கள் வழக்கம்போல நைலான் கயிற்றை இழுத்துப் பார்த்து, குறை சொல்லி, வாங்கிக்கொண்டு போகிறார்கள். நீ உட்கார்ந்த இடத்தில் இப்போது நான்தான் உட்காருகிறேன். சிரிக்காதே. ஒற்றை விரலால்தான் தட்டுகிறேன், ஆனாலும் தட்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. மதியம் நான் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாய். நான் திரும்பி வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் திரையில் இருப்பதை மூடிவிட்டு, விலைப்பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவன் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்வாய். நான் என்ன குருடனா? சைக்கிளில் கயிற்றுச் சுருளைக் கட்டிக்கொண்டு படகு படகாகப் போய் விற்றவன் நான். எதிரே நிற்கிறவன் வாங்குவானா மாட்டானா என்று மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நீ எதையோ ஒளிக்கிறாய் என்று தெரிந்தது. எதை என்றுதான் தெரியவில்லை.

சீட்டாட்டமாக இருக்கும் என்று ஒரு நாள் நினைப்பேன். பொம்பளை விவகாரமாக இருக்குமோ என்று இன்னொரு நாள். கேட்டேனா? கேட்கவில்லை. நாற்பத்தாறு வயசு ஆம்பளை, கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள், அவனிடம் போய் என்னவென்று கேட்பது?

பிறகு துறைமுக ரோட்டில் அந்த கன்டெய்னர் லாரி. உன் போனும் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முந்தின நாள் உன் மச்சினன் கடைக்கு வந்தான். கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், பிள்ளை படிப்புக்கு ஆகும் என்றான். உன் மகள் அதைத் திறப்பாள். அப்பா என்னென்ன பார்த்தார் என்று வரிசையாக வந்து நிற்கும். மறுநாள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வீட்டில் இருப்பார்கள். செத்தவர் படுத்த பாயையும் தலையணையையும் நாம் வீட்டில் வைப்பதில்லை, அப்புறப்படுத்துகிறோம். இதையும் அப்படி அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று தோன்றியது. மூத்தவன் செய்ய வேண்டிய காரியங்களில் இதுவும் ஒன்று என்று நினைத்தேன். மச்சினனை ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னேன்.

நம் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டு, பிரவுசரில் பார்த்த முகவரிகளை எல்லாம் எப்படி நீக்குவது என்று கேட்டேன். முதலில் ஹிஸ்டரியைத் திறங்க என்று ஆரம்பித்தார்.

“தெறக்காம அழிக்க வழி உண்டா?” என்றேன்.

மூன்று பொத்தான்களை ஒன்றாக அழுத்தச் சொன்னார். ஒரு கட்டம் வந்தது. எத்தனை நாளைக்கு உள்ளதை அழிக்க வேண்டும், ஒரு மணி நேரமா, ஒரு நாளா, ஒரு மாசமா என்று கேட்டார். மொத்தமும் என்றேன். பக்கத்தில் பாஸ்வேர்டு, அது இது என்று சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும் அண்ணாச்சி, வேண்டியதில் மட்டும் டிக் போடுங்க என்றார். நான் எல்லாவற்றிலும் போட்டேன். எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கம் இல்லை அல்லவா? கண்மூடித் திறப்பதற்குள் காலியாகிவிட்டது.

ஒரு வரி கூட நான் படிக்கவில்லை. அதைத்தான் பால்துரை, உனக்குச் செய்த மரியாதை என்று நினைத்தேன். தம்பி பேரைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுநாள் பந்தியில் நானே நின்று பரிமாறினேன்.

ஒரு மாசம் கழித்து, கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். படகுக்காரர் வீட்டுப் பெண் போல் இருந்தது. என்ன தடிமனில் கயிறு வேண்டும் என்று கேட்டேன்.

“கயிறு வாங்க வரல அண்ணே” என்றாள்.

செல்வக்கனி. எனக்கு இளையவள், உனக்கு மூத்தவள். இந்தப் பக்கத்தைப் படிக்கிற வியாபாரிகளில் பாதிப் பேருக்கு எனக்கு ஒரு தங்கச்சி இருப்பதே தெரியாது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கடற்கரையில் படகுக்குப் போகிற ஒரு வேதத்துக்காரரை, கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டாள். அவள் பேச்சை எடுக்கிறவன் இந்தக் கடைப் படி ஏறக்கூடாது என்று நான் சொன்னேன். அவள் தெருவுக்கும் நம் கடைக்கும் நடந்தே போய்விடலாம். நான் போனதில்லை. நீ போய்க்கொண்டிருந்தாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“தம்பி கம்ப்யூட்டர் எங்க? எம் பிள்ளை விசயம் பூரா அதுலதான் இருக்குன்னு சொல்லுவான்.”

அவள் நின்றுகொண்டே சொன்னதை நான் நின்றுகொண்டே கேட்டேன். அவள் மகன் ஜெரால்டு, இருபத்து மூன்று வயசு, ஒரு சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலைக்குப் போயிருக்கிறான். வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பலை அதன் முதலாளி அப்படியே கைவிட்டுவிட்டான். சம்பளம் இல்லை, டீசல் இல்லை, சாப்பாடு எப்போதாவது வரும். இறங்கி வரவும் முடியாது. கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டுகிற வெப்சைட்டில் அந்தக் கப்பலை நீ தினமும் மதியம் பார்ப்பாயாம். பார்த்துவிட்டு அவளுக்குப் போன் போட்டு, “அங்கனதான் நிக்கி, பயப்படாதக்கா” என்பாயாம். மாலுமிகளுக்கு உதவுகிற ஒரு வெளிநாட்டு அமைப்புக்கு அவன் பேரில் மனுவும் போட்டிருக்கிறாய். அவர்கள் வேலை ஒப்பந்தத்தின் நகல் கேட்டிருக்கிறார்கள். அதை அனுப்புவதற்குள் நீ போய்விட்டாய்.

எந்த அமைப்பு, என்ன நம்பர், அவளுக்குத் தெரியாது. எல்லாம் நீ பார்த்துக்கொண்டாய்.

“அழிச்சுட்டேன்” என்றேன்.

“எதை?”

“அதுல இருந்தது எல்லாத்தையும்.”

“எதுக்கு?”

அவளுக்கா புரியாது? என் மூஞ்சியை அவள் சின்ன வயசிலிருந்து பார்த்தவள்.

“நம்ம தம்பியப் போயி அப்படி நெனச்சியோ?” என்றாள். சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். “கேட்டிருக்கலாம்லா அண்ணே.”

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். “உக்கார வரல. எம் பிள்ளைய எறக்குததுக்கு வழி சொல்லு” என்றாள்.

இப்போது சொல்லு, ஏலே. ஏன் என்னிடம் சொல்லவில்லை? கப்பல் ஏஜென்டுகள் எத்தனை பேர் நம் கடைக்கு வந்து போகிறார்கள்? யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்று உனக்குத் தெரிந்ததைவிட எனக்குத் தெரியாதா? என் சத்தத்துக்குப் பயந்தாயா? அவள் பிள்ளைக்காக என் கடையில் உட்கார்ந்து தேடினாய் என்று தெரிந்தால் உன்னை வெளியே தள்ளியிருப்பேன் என்று நினைத்தாயா? தள்ளியிருக்கமாட்டேன் என்று இந்த இடத்தில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. உன் ஒளிவு மறைவுக்கு நான்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்மேல் ஆத்திரம் அடங்கமாட்டேன் என்கிறது. ஒரு தாளில் அந்த நம்பரை எழுதி வைத்தால் கை தேய்ந்தா போயிருக்கும்?

கம்ப்யூட்டரை உன் வீட்டிலிருந்து திருப்பி வாங்கி வந்து ரிப்பேர்காரரை உட்கார வைத்தேன். அரை நாள் எதையெதையோ போட்டுப் பார்த்தார். கடைசியில் கையை எடுத்துவிட்டார்.

“அண்ணாச்சி, இவ்வளவு சுத்தமா அழிச்சு நான் பாத்ததே இல்ல.”

பாராட்டு மாதிரி இருந்தது. மனுவுக்கென்று நீ தனியாக ஒரு மெயில் வைத்திருந்தாய் என்று செல்வக்கனி சொன்னாள். அதன் பேரும் பாஸ்வேர்டும் உன் போனுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் தெரியும் என்றார் ரிப்பேர்காரர். போனை லாரி அழித்தது. கம்ப்யூட்டரை நான் அழித்தேன்.

கப்பல் பேர் மட்டும் செல்வக்கனிக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக மனப்பாடமாகச் சொன்னாள். நான் தட்டினேன். படத்தில் கடல் வந்தது, கடலில் அரிசி மாதிரி ஒரு புள்ளி வந்தது. பல நாளைக்கு முன்னால் கடைசியாகத் தெரிந்த இடம் என்று போட்டிருந்தது. டீசல் இல்லாவிட்டால் ஜெனரேட்டர் ஓடாது, அது ஓடாவிட்டால் கப்பல் இருக்கும் இடம் அதில் வராது என்று ஒரு ஏஜென்ட் விளக்கினார். அந்தப் புள்ளியைப் பார்க்கிறதற்காகவா ஏலே, நீ சோற்றை ஆற வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாய்? இதையா என்னிடமிருந்து மூடினாய்?

உதவி செய்கிற அமைப்பு என்று தெரிந்த இடத்துக்கெல்லாம் ஆளை வைத்து இங்கிலீஷில் பேசச் சொன்னேன். எல்லோரும் மனு நம்பர் கேட்டார்கள். புதிதாகப் போடலாம் என்றால் ஒப்பந்த நகல் இல்லாமல் எடுக்கமாட்டார்களாம். அசல் கப்பலில் இருக்கிறது. வீட்டிலிருந்த ஒரு பிரதியை நீ வாங்கிக்கொண்டு போனாயாம், அது எங்கே என்று தெரியவில்லை. பிள்ளையோ எப்போது சிக்னல் கிடைக்கிறதோ அப்போதுதான் பேசுவான்.

பிறகுதான் எனக்கு வியாபாரி புத்தி வந்தது. நம் கடையில் ஸ்கேனர் கிடையாது. வீண் செலவு, வாங்காதே என்று உன்னைத் தடுத்தவன் நான்தான். அப்படியானால் நீ யாரிடமோ கொடுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழைய துறைமுகம் பக்கமிருந்து ஒவ்வொரு ஜெராக்ஸ் கடையாக ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடையில் இருந்த அம்மாள் படத்தைப் பார்த்ததும், “கயிறு கடை சாரா? நாலஞ்சு வாட்டி வந்திருக்காங்களே” என்றாள். கம்ப்யூட்டரில் ‘கயிறு கடை சார்’ என்றே ஒரு பெட்டி போட்டு வைத்திருந்தாள். ஒப்பந்தம், ஜெரால்டு கையெழுத்துப் போட்டுப் போனில் படமெடுத்து அனுப்பிய சம்மதக் கடிதம், மனு கிடைத்ததற்கான தாள், அதில் நம்பர், எல்லாம் இருந்தது. ஒப்பந்தத்தை நீ ஸ்கேன் எடுத்தது போவதற்கு முந்தின நாள்.

“எதையும் அழிக்கிறதில்ல அண்ணாச்சி. எப்பமும் யாராவது திரும்பி வந்து கேக்காங்கள்லா” என்றாள். என்றைக்கோ நான் நகல் எடுத்த ரேஷன் கார்டு கூட அதிலே கிடந்தது. இன்னொரு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்றைக்கு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம்பரைச் சொன்னதும் அந்த அமைப்பிலிருந்து உடனே பதில் வந்தது. அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டதை இங்கே எழுதுகிறேன், நீயும் கேட்டுக்கொள். நகல் கேட்டு உனக்கு இரண்டு முறை நினைவூட்டி எழுதியிருக்கிறார்கள். முதல் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். உன் பதினாறாம் நாள். நான் கையில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்த நாள். கம்ப்யூட்டரை நான் தொடாமல் விட்டிருந்தால், உன் மகள் திறந்திருப்பாள், அந்தக் கடிதம் கண் முன்னால் வந்து நின்றிருக்கும்.

பதில் வராததால், தாள் சரியாக இருந்த ஏழு பேரை முதலில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நங்கூரத்தில் நிற்கிற கப்பலை ஆளில்லாமல் விடத் துறைமுகம் சம்மதிக்காதாம். காவலுக்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஒரு வயசான சமையல்காரரும் ஜெரால்டும் அந்த இரண்டு பேர். மாற்று ஆள் வந்தால்தான் இறங்கலாம். முதலாளியே ஓடிவிட்ட கப்பலுக்கு மாற்று ஆளை யார் அனுப்புவது?

அந்த ஏழு பேரில் ஒருவனாக வந்திருக்க வேண்டியவன். நான் போட்ட டிக்கினால் அங்கே நிற்கிறான்.

சங்கத்து ஆட்களே, உங்களுக்கும் சொல்கிறேன். பிரவுசரில் ஒரே ஒரு முகவரியை மட்டும் எடுக்க வழி இருக்கிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொட்டால் அது மட்டும் போகும். ஆனால் அதற்கு முதலில் பட்டியலைத் திறந்து படிக்க வேண்டும். செத்தவர் பார்த்ததைப் படிப்பது அசிங்கம் என்று எனக்குச் சொல்லித் தந்தது யார்? யாரும் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்பதுதான் என் பயம், அதற்கு மரியாதை என்று நானே பேர் வைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் வந்தால், கண்ணைத் திறந்து படியுங்கள். கெட்டது இருந்தால் இருக்கட்டும். நல்லது இருந்தால் என்ன செய்வீர்கள்?

பால்துரை, ஜெரால்டு என்னோடு பேசினான். செல்வக்கனி போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். இருபத்து மூன்று வயசுப் பிள்ளையிடம் முதல் முதலாக என்னவென்று ஆரம்பிப்பது?

“பெரிய மாமாவா?” என்றான். “இங்கன கயிறெல்லாம் இத்துப் போச்சு மாமா. ஆர்டர் எடுத்துக்கிடுதீங்களா?”

உன் நக்கல் அப்படியே இருக்கிறது அவனிடம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்களாம், சமையல்காரர் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறாராம். எல்லாவற்றையும் வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டு வந்தவன் கடைசியில் ஒன்று சொன்னான்.

“பால்துரை மாமா தெனமும் ‘அங்கனயே நில்லுடே, பாத்துக்கிட்டே இருக்கேன்’னு மெசேஜ் போடுவாங்க. அது வராம நின்னப்பதான் எனக்குப் பயமே வந்துது.”

இப்போது அந்த மெசேஜை நான் போடுகிறேன். உன் வார்த்தையிலேயே போடுகிறேன், எனக்குச் சொந்தமாக வரவில்லை.

அந்தத் துறைமுகத்தில் கப்பல் காவலுக்கு ஆள் வைக்கிற ஒரு கம்பெனியை ஏஜென்டுகள் மூலமாகப் பிடித்துப் பேசி முடித்திருக்கிறேன். இரண்டு காவலாள்கள் ஏறினால் அவர்கள் இரண்டு பேரும் இறங்கலாம். சமையல்காரரையும் சேர்த்துத்தான் பேசியிருக்கிறேன், அவரை மட்டும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று பிள்ளை சொல்லிவிட்டான். துறைமுகத்து அனுமதிதான் பாக்கி. இரண்டு தடவை தள்ளிப் போட்டார்கள். மூன்றாவது தடவைக்கு நானே நேரில் போய் உட்காரப் போகிறேன். அறுபத்திரண்டு வயசில் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறேன். செல்வக்கனியும் எடுத்திருக்கிறாள்.

அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. வேலை விஷயம் மட்டும் பேசுவாள். கடைக்குள் வருவாள், வீட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். பிள்ளை எறங்கட்டும் அண்ணே, அப்புறம் பாப்போம் என்கிறாள். நியாயமான பேச்சு. அவள் இடத்தில் நான் இருந்தால் இவ்வளவு கூடப் பேசியிருக்கமாட்டேன்.

உன்மேல் கோபம் போகவில்லை. போகவும் வேண்டாம், அது இருக்கிறவரைக்கும் நான் சும்மா இருக்கமாட்டேன். ஜெரால்டைக் கூட்டிக்கொண்டு வருவேன். இது சத்தியம். விமானத்திலிருந்து இறக்கி, இருபத்தைந்து வருஷமாக நான் கால் வைக்காத அந்தத் தெருவுக்குள் நானே அவனை நடத்திக்கொண்டு போய், அவள் வாசலில் விடுவேன். அவள் உள்ளே கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால், கூப்பிடுகிறவரைக்கும் அந்த வாசலிலேயே நிற்பேன்.

செல்வக்கனிக்கும் உனக்கும் மூத்தவன்,
ஜெரால்டுக்குத் தாய்மாமன்,
உன் அண்ணன்